ஐந்நூற்று நாலாவது

தராசின் முகம் மின்னுகிறதாம்.
பாசையூர்ச் சந்தையில் இருந்து விக்ரோரியாக்கா
விடிய ஐந்தரைக்குப் போன் எடுத்துச் சொன்னா:
"தம்பி, எண் கண் சிமிட்டுது.
சனம் நான் ஏதோ செய்யிறன் எண்டு பாக்குது."

கொக்குவிலில், சைக்கிள் உதிரிப்பாகக் கடைக்கு மேலே
எங்கள் அறை. கீழே ரிம் நெளிவெடுக்கும் சத்தம்.
மேசையில் தராசின் உயிரைக் கழற்றி வைத்திருக்கிறேன்:
கைமணிக்கூட்டுப் பளிங்கின் துடிப்பில் நடக்கும்
மலிவுச் சிப்.
பற்றறி ஒரு வருடம் தாங்க வேண்டும் என்று
நாங்களேதான் அதை மெதுவாக்கினோம்.

திரைக்கு ஐந்நூற்று நாலு பைட்.
ஒவ்வொரு மீனுக்கும் முன்னால்
அத்தனையையும் பூச்சியத்தால் நிரப்ப வேண்டும்.
வெறுமை தானாக வராது.
இடம் இடமாகப் போய் எழுத வேண்டும் அதையும்.

என் பழைய லூப் அப்படித்தான் எழுதியது.
ஒரு பூச்சியம் வைக்க இரண்டு துடிப்பு,
மிச்சத்தை எண்ண ஒன்று,
திரும்பித் தொடக்கத்துக்குப் போக இரண்டு.
வேலை இரண்டு, அலைச்சல் மூன்று,
கச்சேரியில் ஒரு கையெழுத்துக்கு அலைகிற மாதிரி.
கூட்டிப் பார்த்தால் செக்கனில் பதின்மூன்றில் ஒரு பங்கு.
அவ்வளவு நேரம்
விளைமீனுக்கு நிறை இல்லை.

பிறகு, சொல்.
இந்தச் சிப்புக்குச் சொல் என்றால் நாலு பைட்,
கருத்து எதுவும் கிடையாது.
நாலு றெஜிஸ்ரரில் நாலு வெறும் சொல் ஏற்றி
ஒரே கட்டளையில் பதினாறு இடத்தை மூடலாம்.
ஆனால் நாலால் பிரியாத முகவரியில் சொல்லை வைத்தால்
அந்த இடத்திலேயே விறைத்து நின்றுவிடும்.
எங்கள் திரையோ ஒன்று தள்ளித் தொடங்குகிறது.
பற்றறிக் கணக்குக்கென்று சங்கீர்த்தன்
முன்னால் ஒரு பைட்டைக் குந்த வைத்துவிட்டு
ஸ்காபரோவுக்குப் போய்விட்டான்.
நகர்த்தலாம். நகர்த்தினால் வேறு எதெது இடியும் என்று
அவனுக்கும் இப்போது ஞாபகம் இல்லை.

ஆகவே முதலில் மூன்றைத் தனித்தனியாக,
கால் கழுவி உள்ளே வருவதைப் போல.
பிறகு பதினாறு பதினாறாக முப்பத்தொரு சுற்று.
பிறகு ஒரு சொல்.
பிறகு
ஒரு பைட்.

கரண்ட் போய் வந்தது. தேத்தண்ணி ஆறிப்போனது.
இரண்டாயிரத்து ஐந்நூற்று இருபது துடிப்பு
முந்நூற்றுக்குள் அடங்கியபோது
கீழ்க்கடைக்காரர் ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்.
அவரிடம் சொன்னேன்.
"நல்லது" என்றார், பூட்டைத் தேடிக்கொண்டே.

மறுநாள் திரை சிமிட்டவில்லை.
பெரிய பாரை ஒன்றின் விலை
திரையின் ஓரம்வரை போய் முட்டி நின்றது.
அடுத்தது சூடை, சின்னக் கூறு, எண்ணூற்று நாற்பது.
அதற்கு அப்பால் வலது கீழ் மூலையில்
நட்டமாக எட்டுப் புள்ளி.
ஒரு 1.

"இதென்ன, சூடை எட்டாயிரத்து நானூற்று ஒண்டோ?"
கூடையோடு நின்றவர் கேட்க
சந்தையே சிரித்ததாம். விக்ரோரியாக்கா சிரிக்கவில்லை.

மிச்சம் ஒன்றைவிடப் பெரிதானால் எழுது
என்றுதான் நான் சொல்லியிருந்தேன்.
மிச்சம் ஒன்று.
ஒன்று, ஒன்றைவிடப் பெரிதில்லை.
சிப்பிலே பிழை சொல்ல ஏலாது.

மீன்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு இருந்தேன்.
மடியில் கணினி, வயரின் மறுமுனை தராசின் வயிற்றில்.
மூன்றெழுத்துக் கட்டளையில் ஓர் எழுத்தை மாற்றினேன்:
பெரிதானால், அல்லது சமமானால்.
ஏலம் கூறுகிற சத்தத்தில்
அதுவும் காதில் விழாமல் முடிந்தது.

"என்னடா பிழை?"
"கடைசி ஒண்டு அழியேல்லை அக்கா."
"ஆர்ர?"
"முந்தின பாரையின்ர."
"அது இப்ப சட்டிக்குள்ள கொதிக்கும்" என்று
அடுத்த மீனைத் தூக்கித் தட்டில் போட்டா.

மூடியைத் திருகப் பார்த்தால்
ஆணித் துளைக்குள் ஒரு செதில்.
நகத்தால் கிண்டிக்கொண்டிருக்கிறேன்.